இரண்டரை வயதுப் பாப்பாவோடு சென்னைக்குள் ஒரு சனிக்கிழமை

சின்னக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குள் போய்வருகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "எதுல போவீங்க?" என்பதுதான். எதில் போனாலும் பெரிய வித்தியாசமில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டால் என் மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சமர்த்தாக வந்துவிடுவாள். வம்பெல்லாம் வண்டிக்கும் வாசலுக்கும் நடுவில் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கியதும் வருகிற படிக்கட்டு, சாலையைக் கடக்கிற இடம், ஆட்டோவுக்காக வெயிலில் நிற்கிற நேரம், பாதி வழியில் டிரான்ஸ்ஃபார்மர் முளைத்து நிற்கிற நடைபாதை. தாம்பரத்திலிருந்து எழும்பூர் வருவதற்குள் ஆகாத களைப்பு, எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து வெளியே வருவதற்குள் ஆகிவிடும். அதனால் கிளம்புமுன் நான் யோசித்து வைப்பது அந்தத் துண்டு துண்டு இடங்களைத்தான். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். மனைவிக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு, எனக்கு விடுமுறை. கண்ணாடி மாற்றுவது, துணி எடுப்பது, மிக்ஸி ரிப்பேர் என்று நகருக்குள் ஏதாவது வேலை வந்துகொண்டே இருக்கும். "வெயில்ல குழந்தைய எதுக்கு மாப்பிள்ளை இழுத்துக்கிட்டு அலையுறீங்க, என்கிட்ட விட்டுட்டுப் போங்களேன்" என்பார் மாமியார். அவருக்கு மூட்டுவலி. பாப்பாவோ மாடிப்படியைக் கண்டால் நிற்காத ஆள். அதோடு அவளுக்கு ரயில் என்றால் உயிர். ஆகவே இருவருமாகக் கிளம்பிவிடுவோம்.

ஸ்டேஷன் வரை ஸ்கூட்டர். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் குழந்தைக்கு ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. பெல்ட் போட்டுக்கொண்டு போனால் சிக்னலில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். முன்னால் நிற்கவைத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்து யாரும் திரும்புவதில்லை என்பதுதான் வேடிக்கை.

மின்சார ரயிலில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். தாம்பரத்திலிருந்தே புறப்படுகிற வண்டியாகப் பார்த்து ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும். செங்கல்பட்டிலிருந்து வருகிற வண்டி சீக்கிரம் வந்தாலும் விட்டுவிடுவேன். அதில் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும். நிற்கிற அப்பாவின் இடுப்பில் குழந்தை, அதன் கையெட்டுகிற தூரத்தில் பக்கத்து ஆளின் கண்ணாடி. பெண்கள் பெட்டி நமக்கில்லை. அம்மாவோடு போகிற குழந்தைக்கு இருக்கிற அந்த வசதி அப்பாவோடு போகிற குழந்தைக்குக் கிடையாது. 2025 ஏப்ரலிலிருந்து சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில் ஏசி ரயில் ஓடுகிறது. கட்டணம் பல மடங்கு, வண்டிகளும் குறைவு. ஆனால் கதவு தானாக மூடிக்கொள்ளும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஏசியைவிட அந்தக் கதவுதான் பெரிது. நேரம் ஒத்துவந்தால் அதில் போய்விடுவோம்.

சாதாரண ரயிலில் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். ஆகவே இறங்குகிற கட்டத்தை முன்கூட்டியே தொடங்கிவிட வேண்டும். பாப்பா சீட்டில் ஏறி நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள்; திரிசூலம் பக்கம் விமானம் தாழப் பறந்தால் அந்தப் பெட்டிக்கே அறிவிப்பு செய்வாள். சீட்டில் நிற்பதால் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன். எழும்பூரில் இறங்குவதென்றால் நுங்கம்பாக்கம் தாண்டியதும் செருப்பு மாட்டல், சேத்துப்பட்டில் எழுந்து கதவுக்கு உள்பக்கம் நடுக்கம்பியருகே போய் நிற்பது. வண்டி நின்றபின் எழுந்தால் ஏறுகிற கூட்டம் நம்மைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். இறங்கும்போது தூக்கிக்கொள்வேன். "நானே எறங்குறேன்" என்று அடம் பிடிக்கத்தான் செய்வாள். பெட்டிக்கும் நடைமேடைக்கும் இடையில் அவள் கால் முழுசாக உள்ளே போகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் பேச்சுவார்த்தையே இல்லை. இறங்கி நாலடி தள்ளிப்போய் இறக்கிவிட்டால் அழுகை அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்று, ரயிலில் வருகிற கடலை. பொட்டலம் மடிக்கிற சத்தம் கேட்டாலே கையை நீட்டுவாள். வாய் நிறையக் கடலையோடு குலுங்குகிற வண்டியில் சிரித்தால் புரையேறும். நாலைந்து வயது வரை முழுக் கடலை, பாப்கார்ன், முழு திராட்சை எதையும் ஓடுகிற வண்டியில் கொடுக்காதீர்கள். சுண்டல் கேட்டால் நான் விரலால் நசுக்கித்தான் கொடுப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அன்பாக நீட்டுவார். "அவளுக்கு ஒத்துக்காதுங்க" என்று சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்படுவதில்லை.

நீங்கள் இறங்குகிற ஸ்டேஷனில் லிஃப்டோ, சாய்வுப் பாதையோ, குறைந்த படிக்கட்டோ எந்த முனையில் இருக்கிறது என்று தனியாகப் போகும்போது ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அந்த முனையில் நிற்கிற பெட்டியில் ஏறினால் நடைமேடை முழுக்கக் கூட்டத்தோடு நடக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு கிலோவைச் சுமக்கிறவனுக்கு இது பெரிய விஷயம்.

மெட்ரோவில் கதை வேறு. தாம்பரத்துக்கு இன்னும் மெட்ரோ வரவில்லை. திரிசூலத்தில் இறங்கி விமான நிலையத்திலிருந்தோ, பரங்கிமலை, கிண்டியில் மாறியோ ஏறிக்கொள்ளலாம். 90 சென்டிமீட்டருக்குள் உயரமிருக்கிற குழந்தைக்கு, பெரியவர் கூட வந்தால், டிக்கெட் தேவையில்லை. எங்கள் வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் போட்டிருக்கிற கோடு அந்த அளவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே நுழையும்போது சாதாரண வாயிலில் குழந்தையை முன்னால் விட்டுப் பின்னால் போகாதீர்கள், அந்தத் தடுப்பு மூடுகிற வேகம் குழந்தைக்குப் புரியாது. சக்கர நாற்காலிக்கென்று அகலமான வாயில் ஒன்று இருக்கும். அதில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பெட்டியின் தளமும் நடைமேடையும் ஒரே மட்டம். சுரங்க நிலையங்களில் நடைமேடை ஓரத்தில் கண்ணாடிக் கதவு இருப்பதால் தண்டவாளப் பயமும் இல்லை. மேலே தூண்மேல் இருக்கிற பல நிலையங்களில் அந்தக் கதவு கிடையாது, அங்கே கையை விடவே கூடாது.

எஸ்கலேட்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழந்தைகளுக்கும் அதுதான் ராட்டினம். இப்போது பாதிக் குழந்தைகள் போட்டிருப்பது க்ராக்ஸ் மாதிரியான மெத்தென்ற ரப்பர் செருப்பு. நகரும் படிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் மெல்லிய இடுக்கு இருக்கிறது. கால் அந்தப் பக்கம் உரசினால் ரப்பர் ஒட்டிக்கொண்டு உள்ளே இழுபடும். ஓரத்தில் நீளமாக பிரஷ் வைத்திருப்பதே காலைத் தள்ளி வைக்கச் சொல்லித்தான். குழந்தைகளோ ஷூ பாலிஷ் போடுகிற மாதிரி அதில்தான் காலைக் கொண்டுபோய்த் தேய்ப்பார்கள். பாவாடை ஓரம், அவிழ்ந்த ஷூ கயிறு இரண்டும் இதே கணக்குத்தான். நான் எஸ்கலேட்டரில் அவளைத் தூக்கிக்கொண்டு, படியின் நடுவில் நிற்பேன். இரண்டு கையிலும் பை இருந்தால் லிஃப்ட்தான். லிஃப்டுக்குக் காத்திருக்கிற நேரத்தில் பொத்தானை அவள் அமுக்குவாள் என்று ஒப்பந்தம். அதற்காகவே லிஃப்ட் வேண்டும் என்பாள்.

ஆனால் லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது. சில வாசல்களில் படியும் எஸ்கலேட்டரும் மட்டும். மேலே வந்தபின் லிஃப்ட் வாசல் சாலைக்கு அந்தப்பக்கம் என்று தெரிந்தால் என்ன செய்வது? ஆகவே வெளியேறும் வாசலுக்குப் போட்டிருக்கிற எழுத்தை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். நிலையத்துக்குள் ஒட்டியிருக்கிற வரைபடத்தில் லிஃப்ட் குறி போட்டிருக்கும். அங்கே நிற்கிற பாதுகாவலரைக் கேட்டாலும் பளிச்சென்று சொல்வார்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. அண்ணா சாலையைக் கைக்குழந்தையோடு கடப்பது எவ்வளவு கொடுமை என்று கடந்தவர்களுக்குத் தெரியும். பல சுரங்க மெட்ரோ நிலையங்களுக்குச் சாலையின் இரண்டு பக்கமும் வாசல் இருக்கிறது. டிக்கெட் எடுக்காமலே ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறிவிடலாம். ரயிலில் போகாத நாளிலும் சாலை கடக்க மெட்ரோவுக்குள் இறங்கிவிடுகிறேன். கூடவே கொஞ்சம் குளிர்ச்சி. சென்ட்ரலில் இது உச்சம். பார்க் ஸ்டேஷன், அரசுப் பொது மருத்துவமனை, ரிப்பன் மாளிகை, சென்ட்ரல் என்று நான்கு பக்கத்தையும் பூமிக்கடியில் இணைத்துவிட்டார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையை மேலே கடக்க வேண்டிய காலம் போனதற்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

சரி, எங்கே போவது? குழந்தைக்கென்று ஒன்று, நமக்கென்று ஒன்று. அதற்குமேல் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் இரண்டும் கெடும். நான் குழந்தையின் இடத்தை முதலில் வைத்துக்கொள்வேன். ஓடி ஆடிக் களைத்தவள் கடையில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். மாற்றிச் செய்தால் கடையிலேயே ஓட்டம் ஆரம்பித்துவிடும்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இதற்கு நல்ல இடம். 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் காலை ஒன்பதரைக்குத் திறக்கும். பாந்தியன் சாலையில் இருக்கிற அந்த வளாகம் பெரியது, மரங்கள் உண்டு, வண்டித் தொல்லை குறைவு. இரண்டரை வயதுக்கு அருங்காட்சியகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது. அதன் கீழே அண்ணாந்து நின்று, "இது யாரு முள்ளு?" என்று கேட்டாள். மீன் சாப்பிடுகிற வீட்டுக் குழந்தை வேறு எப்படிக் கேட்கும்? வெண்கலச் சிலைகளில் நடராஜரைப் பார்த்துவிட்டு ஒற்றைக் காலைத் தூக்கி நிற்க முயன்று என் மேல் சாய்ந்தாள். மற்றபடி அணில், காக்கா, காவலாளியின் விசில். எல்லாக் கட்டடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தால் உங்களுக்குத்தான் ஏமாற்றம். ஒரு கூடம் பார்த்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடுங்கள். கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்காவும் இதே வகைதான், நிழல் அதிகம்.

தி.நகர்தான் பெரிய பரீட்சை. அங்கே போகாமலும் இருக்க முடியாது. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாலம் இருக்கிறதே, அது குழந்தை வைத்திருக்கிறவர்களுக்காகவே கட்டியது என்று நான் நினைத்துக்கொள்வேன். 570 மீட்டர் நீளம், மேலே கூரை, லிஃப்ட் உண்டு. ரங்கநாதன் தெரு நெரிசலில் மிதிபடாமல் அந்தப் பக்கம் போய்விடலாம். பாலத்தின் மேலிருந்து கீழே கூட்டத்தையும், ஸ்டேஷனுக்குள் வருகிற ரயிலையும் பார்ப்பது பாப்பாவுக்குத் தனி வேடிக்கை. அவள் அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் நான் அவசரப்படுத்துவதில்லை. பிற்பாடு கடையில் அதற்கு வட்டி சேர்த்து வாங்கிக்கொள்வேன்.

ரங்கநாதன் தெருவுக்குள் போயே ஆக வேண்டும் என்றால் தூக்கிக்கொண்டுதான். நடக்கவைத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை அவள் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். வானமே தெரியாது. இடுப்பும் தொடையும், ஆடுகிற கட்டைப் பைகளும்தான். எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய பையின் முனை சரியாக அவள் நெற்றி மட்டத்தில் வரும். தீச்சுட்டது மாதிரி குழந்தை திடீரென்று அழுவதற்கு இதுதான் காரணம், நாம் "என்னடி ஆச்சு?" என்று மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருப்போம், இடித்தவர் போயே போயிருப்பார்.

தூக்குவதற்கு இடுப்பில் கட்டுகிற இருக்கை வைத்த கேரியர் ஒன்று வாங்கினோம். ஸ்ட்ரோலரும் இருக்கிறது. அது பாண்டி பஜாருக்குச் சரி. தியாகராய சாலையை 2019இல் நடப்பவர்களுக்கான வளாகமாக மாற்றியபோது நடைபாதையை நன்றாக அகலப்படுத்திவிட்டார்கள். உட்கார இருக்கைகள்கூட உண்டு. அங்கே தள்ளிக்கொண்டு போகலாம். மாலில் தள்ளலாம், விமான நிலையத்தில் தள்ளலாம். மற்ற இடங்களில் நடைபாதை முழங்கால் உயரத்தில் தொடங்கும், பத்தடியில் ஒரு கட்டடத்தின் சரிவு, அப்புறம் மூடி உடைந்த வடிகால், அதற்கப்புறம் இளநீர் வண்டி. ஸ்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு, பையையும் தூக்க மூன்று கை வேண்டும். ஒரே ஊரில் ஒரு சாலைக்காக அதைச் சுமந்துகொண்டு ரயிலேறுவதில் அர்த்தமில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர்கள் கேட்டால் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்தில் கை நழுவிவிட்டால்? இந்தப் பயம் இல்லாத பெற்றோர் கிடையாது. தீபாவளி நேரத்தில் தி.நகரில் போலீஸாரே குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். மற்ற நாட்களில் அதை நாமே செய்துகொள்ளலாம். பால்பாயிண்ட் பேனாவால் முன்கையின் உட்பக்கம் எழுதி, அதன்மேல் தேங்காய் எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டால் மதியம் வரை அழியாது. நான் இன்னும் மூன்று வேலை செய்வேன். வீட்டை விட்டுக் கிளம்புமுன் அன்றைய உடுப்போடு நிற்கவைத்து ஒரு போட்டோ. "என்ன கலர் ட்ரெஸ்?" என்று யாராவது கேட்டால் பதற்றத்தில் எந்த அப்பாவுக்கும் நினைவு வராது. உடுப்பு மஞ்சள், ஆரஞ்சு என்று கண்ணில் குத்துகிற நிறம். காலில் முத்து வைத்த வெள்ளிக் கொலுசு. கடையில் துணி பார்க்கும்போது கண் துணியில் இருந்தாலும் காது கொலுசில் இருக்கும். சத்தம் நின்றால் உடனே திரும்பிவிடுவேன். தங்கம் எதுவும் போட்டு அனுப்புவதில்லை. கையைப் பிடிக்கும்போது விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள், வியர்வையில் விரல் வழுக்கிவிடும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசர எண் 112, ரயில்வே எண் 139. மூன்றும் போனில் பெயர் போட்டு இருக்கின்றன.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 5 வயது வரை அரசுப் பேருந்தில் கட்டணமில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசம் என்பதால் அம்மாவும் குழந்தையுமாகப் போனால் செலவே இல்லை. 2024 ஆகஸ்டிலிருந்து ஓடுகிற தாழ்தளப் பேருந்து கிடைத்தால் விடாதீர்கள். நிறுத்தத்தில் அது ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். மற்ற பஸ்ஸில் படி உயரம். ஏறியதும் நகர்ந்துவிடும், ஆகவே முதலில் கம்பி, பிறகு டிக்கெட்.

பஸ்ஸில் நடக்கிற ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கும். ஏறின இரண்டாவது நிமிடம் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு கை நீளும். "குடுப்பா, நான் மடியில வச்சுக்கிறேன்." முன்பின் தெரியாத அம்மாவின் மடியில் பாப்பா போய் உட்கார்ந்துகொண்டு அவருடைய பூக்கூடையை ஆராய்வாள். கொடுக்கலாமா கூடாதா என்று வீட்டில் விவாதமே நடந்திருக்கிறது. என் கட்சி இது: பாப்பா அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தால் கொடுப்பேன், என் சட்டையை இறுக்கிப் பிடித்தால் "பரவாயில்லம்மா" என்றுவிடுவேன். கொடுத்தாலும் அந்த சீட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பேன்.

ஆட்டோவில் இடப்பக்கம் நான், வலப்பக்கம் உள்ளே பாப்பா. ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கம்பி இருக்கும். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆசைப்படும், வண்டி பிரேக் போட்டால் நேராக அதில்தான் வாய் போய் இடிக்கும். பால் பல்லுக்கு நேரான உயரம் அது. நிற்கக் கேட்டால் என் இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிற்கவைத்து, ஒரு கையை அந்தக் கம்பியின் மேல் வைத்துக்கொள்வேன். இடித்தாலும் என் கையில் இடிக்கட்டும். ஆப்பில் கூப்பிடும்போது நாம் நிற்கிற பக்கம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணா சாலையில் நம் இடத்தைக் காட்டுகிற புள்ளி ஆப்பில் எதிர்ப்பக்கம் விழுந்தால், "கொஞ்சம் கிராஸ் பண்ணி வந்துருங்க சார்" என்பார் ஓட்டுநர். "கைல குழந்தை இருக்குண்ணே" என்றால் பெரும்பாலும் சுற்றி வந்துவிடுவார்கள், பத்து இருபது கூடக் கேட்பார்கள். கொடுத்துவிடலாம்.

இப்போது அப்பாக்கள் மட்டும் படுகிற பாடு. பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் 2015இலிருந்து இருக்கின்றன. அப்பாவுக்கு அங்கே வேலையில்லை, அது நியாயம்தான். ஆனால் மகளுக்கு "உச்சா" வந்தால் ஆண்கள் கழிப்பறைக்கா, பெண்கள் கழிப்பறைக்கா? டயப்பர் மாற்ற எங்கே? மால்களில் குழந்தைகளுக்கென்று தனி அறை இருக்கும், அப்பாவையும் விடுவார்கள். மற்ற இடங்களில் சைவ ஹோட்டலை நம்பலாம். ஒருமுறை ஒரு ஹோட்டலில் ஆண்கள் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்க முடியாத நிலை. அங்கே துடைத்துக்கொண்டிருந்த அம்மா என்னையும் பாப்பாவையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் பக்கத்தை எட்டிப் பார்த்து யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு எங்களை உள்ளே அனுப்பிவிட்டு, மாப்பைக் கதவுக்குக் குறுக்கே வைத்து நின்றார். வெளியே யாரோ வந்தபோது, "ரெண்டு நிமிஷம் இரும்மா, அப்பாக்காரரு புள்ளைக்குக் கால் கழுவிட்டிருக்காரு" என்று அவர் சொல்வது கேட்டது. வெளியே வந்தபோது நின்றிருந்த பெண் பாப்பாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். எங்கே போனாலும் நான் இப்போது சுத்தம் செய்கிற ஊழியரைத்தான் முதலில் கேட்பது. மேலாளரைக் கேட்டால் விதி சொல்வார்.

டயப்பர் விட்டுப் பழகிக்கொண்டிருக்கிற குழந்தையானாலும் ஊருக்குள் போகிற நாளில் போட்டுவிடுங்கள். பழக்கம் ஒரு நாளில் கெட்டுவிடாது. நின்றபடியே மாட்டுகிற ஜட்டி வகைதான் வெளியில் உதவும். படுக்கவைத்து ஒட்டுகிற வகைக்கு இடம் தேட வேண்டும்.

பையில் நான் வைக்கிற பொருட்களில் மிகவும் உழைப்பது ஈரிழைத் துண்டு ஒன்று. வெயிலுக்குத் தலையில், ஏசிக்கு உடம்பில், சாப்பாட்டுக்கு மடியில், தூங்கினால் முகத்தில். அப்புறம் மாற்று உடுப்பு ஒன்று, ஈரத்துணியைப் போட பாலிதீன் கவர், வீட்டுத் தண்ணீர், சின்ன எவர்சில்வர் டம்ளர். விளையாட்டுப் பொருள் எதுவும் எடுத்துப்போவதில்லை. தொலைந்தால் அதைத் தேடுவதே பெரிய வேலை.

சாப்பாட்டுக்கு இட்லியை விட்டால் ஆளில்லை. எந்த ஹோட்டலிலும் கிடைக்கும், ஆவியில் வெந்தது, சூடாக வரும். சர்க்கரை கேட்டால் கொடுப்பார்கள். பாலை ஆற்றித் தரச் சொன்னால் டபராவில் இரண்டு மூன்று முறை ஆற்றித் தருவார்கள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது மார்கழி, தையில் சரி, சித்திரையில் பதினொரு மணிக்கே புளித்துவிடும். நேரம்தான் முக்கியம். பசி வந்தபின் ஹோட்டல் தேடினால் சனிக்கிழமை மதியம் எல்லா மேஜைக்கும் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். நாங்கள் பதினொன்றரைக்கே சாப்பிட உட்கார்ந்துவிடுவோம்.

அதற்கு இன்னொரு காரணம் அவளுடைய மதியத் தூக்கம். பன்னிரண்டரை வாக்கில் தாம்பரம் போகிற வண்டியில் ஏறிவிட்டால் சைதாப்பேட்டைக்குள் தலை தொங்கிவிடும். தூங்குகிற குழந்தை முழித்திருக்கிற குழந்தையைவிடக் கனம். இதற்காகவே கேரியரை ரயிலில் உட்கார்ந்தபடியே கட்டிக்கொள்வேன், தூங்கின பிறகு கட்ட முடியாது. தாம்பரத்தில் வண்டி கடைசியாக நிற்கும் என்பதால் எல்லோரும் இறங்கும் வரை காத்திருந்து நிதானமாக இறங்கலாம். தூங்குகிறவளோடு ஸ்கூட்டர் கிடையாது. வண்டி ஸ்டேஷனிலேயே நிற்கும், நாங்கள் ஆட்டோவில் வீடு, மாலையில் நான் போய் எடுத்துக்கொள்வேன்.

அக்னி நட்சத்திரத்தில் இந்தப் பயணமெல்லாம் கிடையாது, போனாலும் பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கின தெருவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலைத் துழாவி நடக்காதீர்கள். எந்த மூடி திறந்திருக்கிறது என்று மேலேயிருந்து தெரியாது. தூறல் என்றால் குடையைவிட மழைக்கோட்டு நல்லது, ஒரு கை மிச்சமாகும்.

பாரிமுனைக்கு மட்டும் இன்னும் அவளைக் கூட்டிப்போகவில்லை. உயர் நீதிமன்றம், மண்ணடி என்று இரண்டு மெட்ரோ நிலையங்கள் இருக்கின்றன, போவது சுலபம். மேலே வந்தபிறகுதான் சிக்கல். என்.எஸ்.சி. போஸ் சாலையிலும் கோடவுன் தெருவிலும் மீன்பாடி வண்டிகளும், தலைச்சுமை மூட்டைகளும், பின்னோக்கி வருகிற டெம்போக்களுமாக ஒரு அடி இடம் சும்மா இருக்காது. சுமை தூக்கி வருகிறவருக்குக் கீழே நிற்கிற குழந்தை தெரியவே தெரியாது, அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கடற்கரை ஸ்டேஷன் வரை ரயிலில் போய், இறங்காமல் அதே வண்டியில் திரும்பியிருக்கிறோம். அதற்கும் சேர்த்துப் போகவர டிக்கெட் எடுத்துவிடுவேன். மொத்த விலைக் கடைகளில் வேலை இருந்தால் வார நாளில் அலுவலகத்திலிருந்து நான் மட்டும் போய் வந்துவிடுகிறேன். அவளுக்கு நாலு வயதாகட்டும், பார்க்கலாம்.